நாய் நடந்த தரை

"நான் போறேனா, நிக்கிறேனா?"

அமுலு அக்கா இப்படிக் கேட்டபோது அந்த அறையில் ஏழு பேர் இருந்தோம்.

ஒரகடத்தில் ஒரு பெரிய கம்பெனியின் பயிற்சி அறை அது. சரக்குத் தூக்கும் பழைய ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒன்றின் சீட், ஸ்டீயரிங், லீவர் எல்லாவற்றையும் கழற்றி வந்து தரையில் பொருத்தியிருந்தார்கள். எதிரே மூன்று பெரிய திரைகள். திரைக்குள் ஒரு கிடங்கு. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நிஜ வண்டியில் ஏறி யார் காலையாவது நசுக்குவதற்கு முன்னால், இதில் உட்கார்ந்து பொய் வண்டி ஓட்டிப் பழகலாம். இதற்கு சிமுலேட்டர் என்று பெயர்.

அதைச் செய்து கொடுத்தது ஐந்தே பேர் இருக்கும் எங்கள் கம்பெனி. அதில் என் வேலை மேல்தோல் போடுவது. தரை, சுவர், அட்டைப்பெட்டி, இரும்புத் தூண் என்று திரையில் தெரியும் ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு தோல் செய்து போர்த்த வேண்டும். டெக்ஸ்சர் என்பார்கள். தோல் இல்லாவிட்டால் எல்லாம் வெறும் சாம்பல் நிறப் பெட்டிகள்தான்.

அமுலு அக்கா அந்தப் பெரிய கம்பெனியில் பத்து வருஷத்துக்கு மேல் நிஜ ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். ஒல்லியான உருவம், கணீரென்ற குரல். காக்கிச் சட்டைக்கு மேல் ஒரு கனகாம்பரச் சரம் எப்போதும் தொங்கும். அவர் ஓட்டிப் பார்த்து "சரி" என்றால்தான் கம்பெனி வாங்கும்.

அக்கா ஸ்டீயரிங்கைப் பிடித்தார். மிதித்தார். சந்தேகமாகக் கீழே பார்த்தார். அந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்ட மறு நொடி நேராகப் போய்ப் பெட்டிகள் அடுக்கிய ராக்கில் மோதினார். திரையில் அட்டைப்பெட்டிகள் மடமடவென்று சரிந்தன.

"இன்னாமா இது, தரையா, பீங்கான் தட்டா? நிக்கிறேன்னு நெனச்சா வண்டி போய்க்கினே கீது. ஒரு கறை, ஒரு கோடு இருந்தாத்தானே எவ்ளோ வேகத்துல போறோம்னு தெரியும்?"

சேஃப்டி ஆபீசர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். "ஒரு வாரம் டைம். அடுத்த வியாழக்கிழமை இவங்க மறுபடி ஓட்டுவாங்க. இவங்க வேணாம்னா வேணாம்" என்றார்.

தரை என்னுடையது. மூன்று நாள் உட்கார்ந்து நான் செய்த தரை.

வெளியே வந்ததும் எங்கள் முதலாளி இசக்கிமுத்து என்னைப் பார்த்தான். முதலாளி என்றதும் தொப்பையும் தங்கச் சங்கிலியும் நினைத்துக்கொள்ளாதீர்கள். என்னைவிட ஐந்து வயது சின்னவன், திருநெல்வேலிப் பையன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"விடுங்கக்கா, சரி பண்ணிருவோம்" என்றான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

எங்களுக்கு அப்போது இருந்தது அந்த ஒரே வாடிக்கையாளர். அதுவும் கைவிட்டுப் போனால் ஐந்து பேரை வைத்துக்கொள்ள அவனால் முடியாது. கடைசியாகச் சேர்ந்தவள் நான். வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது. இது போனால் மறுபடி பழைய தொழிற்சாலை லைன் வேலைக்குத்தான் போக வேண்டும். அங்கே "எப்ப வேணாலும் வாம்மா" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள், அந்த அன்புதான் எனக்குப் பயமாக இருந்தது.

தேய்ப்பதில் கெட்டிக்காரி

அந்தத் தரை ஏன் பீங்கான் தட்டு ஆனது என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் தொழிற்சாலையில் மூன்று வருஷம் இருந்தேன். கண்ணால் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் வேலை. வெள்ளை விளக்கு, வெள்ளைக் கையுறை, கையில் போனின் பின்பக்க மூடி. இப்படிச் சாய், அப்படிச் சாய், முடியளவு கீறல் தெரிந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளு. ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை மூடி என்பதெல்லாம் எண்ணியதில்லை. எண்ண ஆரம்பித்தால் கீறல் தப்பிவிடும்.

அந்தக் கண் வேலையோடு நிற்கவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் எவர்சில்வர் டம்ளரை விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்த்து, "இது வேணாம், வேற குடுங்க" என்று சொல்லிவிட்டேன். தண்ணீர் ஊற்ற வந்தவர் மாப்பிள்ளையின் சித்தப்பா. பெண் வீட்டாருக்குக் கொழுப்பைப் பார் என்று அவர் பேசியதை இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஷிஃப்ட் முடிந்த நேரங்களில் படப்பையில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் போய் உட்காருவேன். படத்தைத் திருத்தும் சாஃப்ட்வேரை அங்கேதான் கற்றுக்கொண்டேன். அங்கே வேலை என்றால் என்ன? பரு எடு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எடு, முகத்தை வெளுக்க வை.

ஒரு மஞ்சள் நீராட்டு விழா ஃப்ளெக்ஸில் தாய்மாமன் முகச் சுருக்கத்தை நீக்கினேன். நீக்கிக்கொண்டே போனதில் அவர் சடங்குப் பெண்ணுக்கு அண்ணன் மாதிரி ஆகிவிட்டார். மாமாவுக்கு ஏக சந்தோஷம். மாமிதான் மறுநாள் கடைக்கே வந்துவிட்டார். "இவரு பக்கத்துல நான் இவருக்கு அம்மா மாதிரி கீறேன். என்னையும் தேய்" என்றார். தேய்த்தேன். இரண்டு பேரும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி படப்பை மெயின் ரோட்டில் ஒரு வாரம் நின்றார்கள்.

ஆக, லைனில் மூன்று வருஷம் குறையைத் தள்ளினேன். கடையில் குறையைத் தேய்த்தேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். எனக்கு லைன் பழக்கம்.

அப்படிப்பட்டவள் கையில் ஒரு கிடங்குத் தரையின் போட்டோவைக் கொடுத்து, "இதை டெக்ஸ்சர் ஆக்குங்கக்கா" என்றால் என்ன நடக்கும்? படத்தைப் பெரிதாக்கி, அங்குலம் அங்குலமாக, எண்ணெய்க் கறை, டயர் தடம், விரிசல், யாரோ துப்பிய வெற்றிலைச் சாறு என்று ஒன்று விடாமல் துடைத்தேன். அமுலு அக்கா ராக்கில் மோதும் வரை, அதுதான் நான் செய்ததிலேயே அழகான வேலை என்று நினைத்திருந்தேன்.

நாற்பது கறை, ஒரே முகம்

கறைதானே வேண்டும்? வெள்ளிக்கிழமை காலையிலேயே ஒரு கறை போட்டேன். கருப்பாக, நடுவில் பளபளப்பாக, ஓரத்தில் பழுப்பாக, நல்ல எண்ணெய்க் கறை. அந்தத் தோலைத் திரையில் தரைக்குப் போர்த்தினேன்.

இசக்கிமுத்து வந்து எட்டிப் பார்த்தான். அப்புறம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"என்னக்கா பண்ணி வச்சிருக்கிய? கிடங்கு பூரா அச்சு குத்தின மாதிரி இருக்கு!"

விஷயம் இதுதான். அவ்வளவு பெரிய தரைக்கு அவ்வளவு பெரிய படம் போட்டால் கம்ப்யூட்டர் திணறிவிடும். அதனால் ஒரு சதுரம் மட்டும் செய்து, அதையே பக்கத்தில் பக்கத்தில் அடுக்குவோம். அச்சுப் போட்ட புடவையைப் பாருங்கள். ஒரே கிளி ஒவ்வொரு சாணுக்கும் உட்கார்ந்திருக்கும். என் எண்ணெய்க் கறையும் அப்படித்தான் நாற்பது இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஒரே அளவு, ஒரே சாய்வு, ஒரே முகம்.

இன்னொரு தொல்லை, ஓரம். சதுரத்தின் இடது விளிம்பு வலது விளிம்போடும், மேல் விளிம்பு கீழ் விளிம்போடும் ஒட்டுத் தெரியாமல் பொருந்த வேண்டும். அதற்குச் சாஃப்ட்வேரில் ஒரு வசதி உண்டு. படத்தைப் பாதி தூரம் நகர்த்திவிடும். விளிம்பில் ஒளிந்திருந்த ஒட்டு நடுவில் சிலுவை போல வந்து நிற்கும். பக்கத்து இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகல் எடுத்து அந்தச் சிலுவையை மறைக்க வேண்டும். மூட்டியது தெரியாமல் ரவிக்கையில் ஒட்டுப் போடுகிற வேலை. அது மட்டும் எனக்குக் கை வந்த கலை.

கறைதான் வசப்படவில்லை. நானே வரைந்த கறைகள் எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. மூன்று வருஷம் கீறலைத் தேடியவளுக்கு ஒரு கீறல் போடத் தெரியவில்லையே என்று எனக்கே என் மேல் கோபம். சனிக்கிழமை மத்தியானம் மவுஸைத் தூக்கி எறியப் போனேன். அது வயரில் மாட்டிக்கொண்டதால் என் மானம் தப்பியது.

அப்போதுதான் முடிவு செய்தேன். வரைந்து பயனில்லை, போய்ப் பார்க்க வேண்டும்.

அம்மாவும் பெட்ஷீட்டும்

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் செல்போனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். லாரிகள் நிற்கும் இடத்தில் குனிந்து குனிந்து தரையைப் படம் எடுத்தேன். டயர் தேய்ந்த கருப்பு வளைவுகள், டீசல் சொட்டிய வட்டங்கள், டீக் கிளாஸ் வைத்த மோதிரத் தடங்கள். பார்க்கப் பார்க்க, எனக்கு வெறி பிடித்துவிட்டது. இத்தனை நாள் இதையெல்லாம் தள்ளிவிட்டேனே!

ஒரு டிரைவர் இறங்கி வந்தார். "ரோடு போடப் போறீங்களாம்மா?" என்று ஆவலாகக் கேட்டார். இல்லை, கறையைப் படம் பிடிக்கிறேன் என்றதும், "அங்க நம்ம வண்டிக்குக் கீழ இதைவிட நல்லதா ஒண்ணு கீது" என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். உண்மையிலேயே நல்லதுதான்.

மத்தியானம் அம்மாவோடு எங்கள் புது வீட்டுக்குப் போனேன். பென்னலூரில் வாடகைக்கு இருந்துகொண்டு, படப்பைக்கு உள்ளே ஒரு மனையில் மெதுவாக வீடு கட்டிக்கொண்டிருந்தோம். எல்லாம் முடிந்து, போர்டிகோவில் சிமென்ட் தரை போட்ட அன்று ஒரு தெருநாய் அதன் மேல் நடந்துவிட்டது. வாசலிலிருந்து குறுக்காக, அவசரமே இல்லாமல், பதினோரு காலடி.

அம்மாவுக்கு அது ஆறவே இல்லை.

"பாஸ்டர் வந்து வூட்டுப் பிரதிஷ்டைக்கு ஜெபம் பண்ணுவாரு. அவரு கால் வெக்கிற எடத்துல நாய் கால் கீதே எஸ்தரு! சொந்தக்காரங்க இன்னா பேசுவாங்க?"

மேஸ்திரி வந்து அந்த இடத்தைக் கொத்தி, திரும்பப் பூசித் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரு மாதமாக நாளைக்கு நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நாயோ மணல் குவியலுக்குப் பின்னால் நாலு குட்டி போட்டு ஜம்மென்று குடியிருந்தது. அம்மா அதைச் சனியன் என்றுதான் கூப்பிடுவாள். அந்தச் சனியனுக்குத் தினமும் பால் சோறு வைப்பதும் அவள்தான்.

அந்தத் தரையை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதுவரை பார்த்தபோதெல்லாம் மனசுக்குள் சிவப்பு ஸ்டிக்கர்தான் ஒட்டினேன். அன்றைக்குக் குனிந்து பார்த்தால், ஒவ்வொரு பாதமும் வேறு. ஒன்றில் நகம் ஆழமாகப் பதிந்திருந்தது. ஒன்று லேசாக வழுக்கியிருந்தது. ஏழாவது காலடியில் நின்று திரும்பிப் பார்த்திருக்கிறது போல, அது மட்டும் இரட்டையாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழகு என்றால் அது அழகு!

ஆனால் படம் எடுக்க வெயில் விடவில்லை. டெக்ஸ்சருக்கு எடுக்கும் படத்தில் நிழல் விழக் கூடாது. விழுந்தால், திரையில் விளக்கு ஒரு பக்கம் இருக்க, நிழலும் அதே பக்கம் நிற்கும். வெயிலை மொத்தமாக மறைக்க மேகம் வேண்டும். படப்பை வானத்தில் ஒரு கைக்குட்டை அளவு மேகம்கூட இல்லை.

"அம்மா, ஒரு பெட்ஷீட்டைக் கொஞ்சம் விரிச்சுப் புடியேன்."

"எதுக்குடி?"

"நாய் காலுக்கு நிழல் வேணும்."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நல்ல வேலையை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததில் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிற பார்வை. ஆனாலும் புது வீட்டுக்கென்று வாங்கிய நீலப் பூப்போட்ட பெட்ஷீட்டை எடுத்து வந்து, இரண்டு கையையும் தூக்கி விரித்துக்கொண்டு அந்த வெயிலில் நின்றாள். எதிர் மனைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா எஸ்தரம்மா, உள்ள யாராவது குளிக்கிறாங்களா?" என்றார்.

"நாய்க்கு ஃபோட்டோ எடுக்குறாங்க. வூட்டுக்குள்ள போய்யா" என்றாள் அம்மா.

கையை இறக்கும்போது மெதுவாகக் கேட்டாள். "இதை வெச்சு உன் வேலை கையில நிக்குமாடி?"

"தெரியலம்மா."

"நிக்கும். எடு, இன்னொண்ணு எடு" என்று மறுபடி கையைத் தூக்கினாள்.

வியாழக்கிழமை

மூன்று நாள் அசுர வேலை. சதுரத்துக்குள் யார் கண்ணையும் இழுக்காத சின்னச் சின்ன அழுக்கை மட்டும் வைத்தேன். அது எத்தனை முறை திரும்ப வந்தாலும் யாருக்கும் தெரியாது. பெரிய கறைகளையும் டயர் வளைவுகளையும் தனித் தனி அடுக்காக வெட்டி எடுத்து, தரையின் மேல் ஸ்டிக்கர் போல ஒவ்வோர் இடத்தில் ஒரே ஒரு முறை ஒட்டினேன். ஊரில் மீசை வைத்தவர் நூறு பேர் இருக்கலாம், மூக்கு நுனியில் மரு உள்ளவர் ஒருத்தர்தான் இருக்க வேண்டும்.

கடைசியாக, சரக்கு இறக்கும் ஷட்டருக்குப் பக்கத்தில், அந்தப் பதினோரு காலடிகள்.

ஒட்டிவிட்டு, அழிக்கும் பட்டனில் விரலை வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். சேஃப்டி சொல்லித் தரும் கிடங்குக்குள் நாய்! யோசித்தால் பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் என்னால் அதைத் தேய்க்க முடியவில்லை. நானா? தாய்மாமனையே தேய்த்தவள்! இசக்கிமுத்துவிடம் சொல்லாமலே சேமித்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை அதே அறை, அதே ஏழு பேர். அமுலு அக்கா கனகாம்பரத்தைப் பின்னால் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். மிதித்தார். இந்த முறை கேள்வி வரவில்லை. வண்டி ராக்குகளுக்கு நடுவே ஒழுங்காகப் போனது. திரும்பியது. எனக்கு மூச்சு வந்தது.

திடீரென்று அக்கா பிரேக்கை மிதித்து, இரண்டு முறை ஹாரன் அடித்து, கையை உயர்த்தினார்.

"யாருப்பா அங்க! இங்க ஆயில் கொட்டிக்கினு கீது. மரத்தூள் எட்தாந்து தூவு!"

வாசல் பக்கம் நின்ற ஒருவர் நிஜமாகவே மரத்தூள் எடுக்க ஓடினார். கதவு வரை போய்த்தான் நின்றார். அறையே சிரித்தது. அக்காவுக்கு ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்டீயரிங்கில் தலை வைத்துச் சிரித்தார். அது அந்த லாரி டிரைவர் கூட்டிப் போய்க் காட்டிய கறை. அவர் இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்!

கறையைச் சுற்றிக்கொண்டு அக்கா ஷட்டருக்குப் போனார். அங்கே மறுபடியும் நின்றார்.

"இது இன்னாது, நாய் காலு?"

இசக்கிமுத்து என் பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. சேஃப்டி ஆபீசர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார். "ஏம்மா, இது சேஃப்டி ட்ரெய்னிங். கம்பெனிக்குள்ள நாய் வந்த மாதிரி காட்டினா என்ன அர்த்தம்? எடுத்துடுங்க" என்றார்.

"எடுத்துடுறேன் சார்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அமுலு அக்கா முந்திக்கொண்டார்.

"சார், வாங்க வெளிய."

"எங்க?"

"வாங்க சொல்றேன்."

எல்லோரும் வெயிலுக்கு வந்தோம். அக்கா விறுவிறுவென்று நடந்து, சரக்கு ஏற்றும் இரண்டாம் நம்பர் மேடைக்குப் பக்கத்தில் போய் நின்று, கீழே கை காட்டினார். கான்கிரீட்டில், கட்டிய காலத்தில் பதிந்து போன நாய்க் காலடிகள். வரிசையாக, குறுக்காக, அவசரமே இல்லாமல்.

"வேலைக்குச் சேந்த மொத நாள்லேர்ந்து இதைப் பாத்துக்கினுதான் வண்டியைத் திருப்பறேன் சார். நாய் கால் வந்தா ஸ்டீயரிங்கை ஒடிக்கணும். புதுசா வர்ற பொண்ணுங்களுக்கும் இத்தான் சொல்லித் தர்றேன். இந்தப் பொண்ணுக்கு எப்டித் தெரிஞ்சுதுன்னுதான் தெர்ல!"

எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் வீட்டுச் சனியன் மட்டும்தான். ஆபீசர் குனிந்து பார்த்தார். தினமும் அந்த வழியாகத்தான் போகிறவராம். "பக்கத்துக் கம்பெனியிலயும் கீது சார். இங்க எந்தக் கம்பெனி சிமென்ட் காயறதுக்கு நாய் காத்துக்கினு இருந்துது?" என்றார் அக்கா.

ஆபீசர் சிரித்துவிட்டார். "சரி, இருக்கட்டும். ஆனா ஷட்டருக்கு வெளிய ரெண்டடி தள்ளி வையுங்க. உள்ள வரக் கூடாது" என்றார். அவர் அவர் வேலையைப் பார்க்க வேண்டாமா?

அமுலு அக்கா என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "இப்பத்தாம்மா இது தரை."

இசக்கிமுத்து காதோரம் வந்து, "பெர்மனென்ட் லெட்டர் இன்னைக்கே அடிச்சுருதேன்க்கா. ஆனா அடுத்த மட்டம் நாய் கூட்டிட்டு வந்தா முன்னாடியே சொல்லிருங்க" என்றான்.

கேட்டுக்கு வெளியே வந்ததும் அம்மாவுக்குத்தான் போன் போட்டேன். வேலை கையில் நின்றுவிட்டது என்றேன். அந்தப் பக்கம் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று குரல் தழுதழுத்தது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

"அம்மா, மேஸ்திரியை வர வேணாம்னு சொல்லிடு. அந்தக் காலடி அப்படியே இருக்கட்டும்."

அந்தப் பக்கம் குட்டிகள் கீச்சிடும் சத்தம் கேட்டது.

"அம்மா?"

"அவன் காத்தாலயே வந்து கொத்திப் பூசிட்டுப் போய்ட்டான்டி. ஒரு மாசமா வராதவன் இன்னிக்குத்தான் வந்தான்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வெயிலில் அப்படியே நின்றேன். பரவாயில்லைம்மா என்று சொன்ன மாதிரி ஞாபகம்.

"நான் சொல்றத முழுசாக் கேளு. சுத்தி செங்கல் அடுக்கி, சாக்கு போட்டு, சேரை வேற குறுக்கப் போட்டுட்டுத்தான் உள்ள போனேன். டீ போட்டு எட்த்துக்கினு வந்து பாக்கறேன், மறுபடியும் நடந்துக்கினு போயிருக்கு அந்தச் சனியன். இந்தத் தபா நாலு குட்டிங்களையும் கூட்டிக்கினு." அம்மா சிரித்தாள். அடக்க முடியாமல், மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். "வெயில் அப்டியே கீதுடி. நான் பெட்ஷீட்டை எட்த்துக்கினு நிக்கறேன், சீக்கிரம் வா!"